கோட்டுக்கு வெளியே ஓர் அப்பா

வாலிபாலுக்கு ஒரு பக்கம் ஆறு பேர் போதும் என்று யாரோ விதி எழுதி வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அது செல்லாது. பென்னாகரத்தில் எந்த மைதானத்தில் நெட் கட்டினாலும் உள்ளே ஆறு பேர் ஆடுவார்கள், வெளியே அறுபது பேர் ஆட்டுவிப்பார்கள். அந்த அறுபது பேருக்கும் போட்டி வைத்தால் தொண்டைக்கான முதல் பரிசு எனக்குத்தான். நான் வாலிபால் ஆடியவன் அல்ல. பைப்பும் மோட்டாரும் விற்கிறவன். என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளி டீமில் ஆடுகிறாள். கோச் ஆவதற்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

"முட்டியை மடக்கு!" "பந்தைப் பார், என்னைப் பார்க்காதே!" "அவ பேக்ல நிக்கிறா, முன்னாடி போடு!" என்று நான் பாட்டுக்கு உதவிக்கொண்டிருப்பேன். இதில் ஒரு விசித்திரம் இருந்தது. நான் போகாத மேட்ச்சில் அவள் சர்வீஸ் எதிர்க்கோட்டின் மூலையில் போய் உட்காருமாம். நான் போய் நின்றால் பந்து நேராக நெட்டுக்குள். பந்தில் காற்று சரியில்லை என்றேன். பிறகு நெட்டின் மேல் சந்தேகம் வந்தது. பெண்கள் ஆட்டத்துக்கு நெட்டின் உயரம் 2.24 மீட்டர். கடையில் டேப்புக்கா பஞ்சம்? ஒருநாள் சாயங்காலம் எடுத்துப்போய் அளந்தே பார்த்துவிட்டேன். சரியாக இருந்தது. அதில்தான் எனக்கு வருத்தம்.

அளந்துகொண்டிருந்த என்னைப் பி.டி. மாஸ்டர் பார்த்துவிட்டார்.

"சார், தர்மபுரியில எனக்குத் தெரிஞ்ச கவுன்சலர் ஒருத்தர் இருக்கார். விளையாட்டுப் பிள்ளைங்களைப் பார்க்கிறவர். ஒரு தடவை போய்ட்டு வாங்க."

"கூட்டிட்டுப் போறேன் சார். பாப்பாவுக்கு எந்தக் கிழமை லீவு குடுப்பீங்க?"

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்க போங்க."

வீட்டில் சொன்னபோது என் மனைவி மாவாட்டிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினாள். கரண்ட் போனாலொழிய அவள் அதை நிறுத்திப் பார்த்ததில்லை. "இதைத்தாங்க நானும் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டு வர்றேன். எந்த மாஸ்டருங்க அவரு? அவரு குடும்பம் நல்லா இருக்கணும்" என்றாள்.

எங்கள் ஊரில் ஒருவன் வெளியூர் பஸ் ஏறினால் காரணம் சொல்லாமல் ஏற முடியாது. பஸ் ஸ்டாண்டில் கேட்டவர்களிடம் பல்வலி என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் தர்மபுரி போய்ச் சேரும்வரை எந்தப் பல் டாக்டர் வலிக்காமல் பிடுங்குவார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பி வருவதற்குள், நான் 'மனசு டாக்டரிடம்' போயிருக்கும் சேதியை மனைவியே தெருவுக்கு அறிவித்திருந்தாள். இரண்டு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சினிமாவில் வருவதுபோல் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்துச் சின்ன வயது ஞாபகங்களைக் கிளறுவார்கள் என்று நினைத்து, என் அப்பா புளிய விளாறால் அடித்த கதையை வழியெல்லாம் மெருகேற்றி வைத்திருந்தேன். அது வீணாய்ப் போயிற்று. அந்த அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, மூலையில் ஒரு பழைய வாலிபால், சொட்டுகிற வாஷ்பேசின் குழாய். கவுன்சலரும் ஒரு காலத்தில் காலேஜ் டீமில் ஆடியவர், முட்டி போனபிறகு உளவியல் படித்தவர். முதல் கேள்வியே இதுதான்: "பாப்பா சர்வீஸ் போடப் போறா. அந்த நேரத்துல உங்க உடம்புல முதல்ல எது மாறுது?"

யோசித்தேன். "காது சூடாகும் சார். அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டுவேன். அப்புறம்..."

"அப்புறம் ஊருக்கே தெரியும்" என்றார்.

பிறகு எங்கள் பக்கத்து ஆற்றையே உதாரணம் காட்டினார். ஒகேனக்கல்லுக்கு வெள்ளம் திடீரென்று வந்துவிடுவதில்லை. மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்துக்காரர்கள் இத்தனை ஆயிரம் கனஅடி என்று அளந்து சொல்கிறார்கள். நீர்வரத்து ஏறினால் பரிசல் ஓட்டத் தடை, குளிக்கத் தடை என்று இங்கே அறிவிப்பு வருகிறது. என் காதுதான் என் பிலிகுண்டுலு என்று அவர் எனக்குப் புரியவைத்தார். அங்கே சூடு ஏறும்போதே பரிசலைக் கட்டிப்போட்டுவிட வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டியபிறகு எந்தக் கலெக்டர் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அவர் வைத்தியம் முழுக்க மைதானத்திலிருந்து வந்தது. மனக்கஷ்டத்தோடு வருகிறவரை நோயாளியாக நடத்தாமல், ஃபார்ம் இழந்த ஆட்டக்காரராக நடத்துவார். எங்கே பிசகுகிறது, அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடக்கிறது, எதைப் பழக வேண்டும் என்றுதான் பேச்சு. "ஏன் இப்படி இருக்கீங்க?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எங்கள் வீட்டிலேயே போதுமான அளவுக்குக் கேட்டுவிடுகிறார்கள்.

நடுநடுவே கதையும் சொல்வார். 1898-இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர் சைக்கிள் பந்தயக் கணக்குகளைப் புரட்டி, தனியாக மிதிப்பவனைவிடக் கூட்டத்தோடு மிதிப்பவன் வேகமாகப் போகிறான் என்று கண்டாராம். பிறகு சின்னப் பிள்ளைகளைத் தூண்டில் உருளையில் நூல் சுற்றவைத்துப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு பிள்ளை போட்டிக்குச் சுற்றினால் பலருக்கு வேகம் கூடியது. சில பிள்ளைகளுக்கோ பதற்றத்தில் கை தடுமாறிக் குறைந்தது. "பக்கத்துல இன்னொரு பிள்ளை இருந்ததுக்கே அப்படி. பின்னாடி ஓர் அப்பா நின்னு கத்தியிருந்தா?" என்றார் கவுன்சலர். டிரிப்லெட் அந்தக் கொடுமையைச் செய்யவில்லை போலிருக்கிறது.

டென்னிஸ் சொல்லிக்கொடுத்த திமோதி கால்வே 1974-இல் ஒரு புத்தகம் எழுதினார். நமக்குள் இரண்டு பேர் இருக்கிறார்களாம். ஒருவன் ஆடுகிறவன், இன்னொருவன் சொல்லிக்கொண்டே இருக்கிறவன். திறமையிலிருந்து குறுக்கீட்டைக் கழித்தால் வருவதுதான் ஆட்டம் என்பது அவர் கணக்கு. எல்லாருக்கும் அந்த இரண்டாவது ஆள் தலைக்குள் இருப்பான். என் மகளுக்கு மட்டும் கோட்டுக்கு வெளியே வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறான்.

நான் நம்பவில்லை. "நல்லது சொன்னா ஆட்டம் கெடுமா சார்?" என்றேன். அவர் வாஷ்பேசினைக் காட்டினார். "அந்தக் குழாய் ஒழுகுது. உங்ககிட்ட டெஃப்ளான் டேப் இருக்குமா?"

பைப்புக் கடைக்காரன் சட்டைப் பையில் அது இல்லாத நாள் உண்டா? குழாயைக் கழற்றி, மரையைத் துடைத்து, டேப்பைச் சுற்றி மாட்டினேன். ஒரு சொட்டு இல்லை. "இப்ப திரும்பக் கழற்றுங்க. எந்த விரலால பிடிக்கிறீங்க, எந்தப் பக்கம் சுத்துறீங்க, எவ்வளவு இழுக்கிறீங்க, ஒவ்வொண்ணையும் வாயால சொல்லிட்டே சுத்துங்க" என்றார். சொல்லிக்கொண்டே சுற்றினேன். டேப் முறுக்கிக்கொண்டது, அறுந்தது, இன்னொரு சுற்று மரையைத் தாண்டிப் போனது. குழாய் முன்பைவிட நன்றாக ஒழுகியது. கைக்குப் பழகிய வேலையைத் தலைக்கு மாற்றினால் இதுதான் கதி என்றார். நெருக்கடியில் பெரிய ஆட்டக்காரர்களே சொதப்புவது பெரும்பாலும் இப்படித்தானாம். வாய்மூடி மூன்றாவது முறை சுற்றிச் சரிசெய்து கொடுத்தேன். அந்தக் கூலியை அவர் ஃபீஸில் கழிக்கவில்லை.

பிறகு துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவின் கதை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்று வரை போய் ஏழாவது இடம். 2008 பெய்ஜிங்குக்கு முன் ஜெர்மனியில் நாற்பதடிக் கம்பம் ஒன்றில் ஏறினார். உச்சியில் பீட்சா டப்பா அளவுக்கு ஒரு பலகை. ஏறப் பயந்து, பாதியில் நின்று, பிறகு அதன் மேல் போய் நின்றார். பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் இந்தியா வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

"எங்க தெரு ஈ.பி. கம்பம் போதுமா சார்?" என்று ஆர்வமாகக் கேட்டேன்.

"கம்பம் வேண்டாம். அதைவிடக் கஷ்டமானது தர்றேன். ஒரு செட் முழுக்கப் பேசாம நில்லுங்க."

வீட்டுப்பாடமும் கொடுத்தார். வாலிபாலில் நடுவர் விசில் ஊதியபின் 8 நொடிக்குள் சர்வீஸ் போட்டாக வேண்டும். அந்த 8 நொடியை எப்படிச் செலவழிப்பது என்று ஆட்டக்காரர் ஒரு முறை வைத்துக்கொள்வார். மகளுக்கும் ஒன்று உண்டு. பந்தைத் தரையில் மூன்று தட்டு, மூச்சை இழுத்து மெல்ல விடுவது, எதிர்க்கோட்டில் ஓர் இடத்தைப் பார்ப்பது, மனசுக்குள் ஒரு வார்த்தை. என்ன வார்த்தை என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்றாள். "'அப்பா போ'ன்னு இருக்கும்" என்றான் அவள் தம்பி. எனக்கும் அதே 8 நொடி. காது சூடானால் உடனே பதில் சொல்லக் கூடாது.

முதல் சோதனை கடையிலேயே வந்தது. மோட்டார் வாங்கிய பாக்கியே நிற்கிற ஆள் ஒருவர் வந்து, "ரெண்டு எல்போ குடுங்கண்ணா, எழுதி வெச்சுக்கங்க" என்றார். வழக்கமாக அவருடைய தாத்தா காலத்துக் கடனிலிருந்து தொடங்கியிருப்பேன். இப்போது மூச்சை இழுத்தேன், விட்டேன், எதிரில் ஓர் இடத்தைப் பார்த்தேன். அந்த இடம் அவருடைய சட்டைப் பையாக அமைந்துவிட்டது. 8 நொடி முடிவதற்குள் மனிதர் மிரண்டு, பழைய பாக்கியில் பாதியை எடுத்துக் கல்லாவில் வைத்துவிட்டார். உளவியல்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். அதே உத்தியை வீட்டில் செய்தேன். சாம்பாரில் உப்பு இல்லையே என்று காது சூடாகி, மூச்சை இழுத்துச் சுவரைப் பார்த்தேன். மனைவி பதறிப்போய் நெஞ்சைத் தடவிவிட்டு ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள்.

மனக்காட்சி என்று இன்னொரு பயிற்சி. மேட்ச்சை முன்கூட்டியே கண்ணை மூடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜெயிப்பதை மட்டும் பார்த்தால் அது பகல்கனவு. பந்து நெட்டில் படுவதையும், அடுத்து நான் என்ன செய்வேன் என்பதையும் பார்க்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்து தவறாமல் செய்தேன். என் குறட்டையைக் கேட்டு எதிர்க்கடைக்காரர் வந்து எழுப்பிவிடுவார்.

கடைசிப் பாடம், கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரிப்பது. காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு இரண்டு பட்டியல். என் கையில் இல்லாதவை மளமளவென்று வந்தன: போர் தண்ணீர், மழை, நடுவர், எதிர் டீம், மச்சான், மாம்பழ விலை, மகளின் சர்வீஸ். என் கையில் இருப்பவை என்ற பக்கம் வெறுமையாகக் கிடந்தது. காலையில் பார்த்தால் மனைவியின் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'வாய்.'

இது ஏதோ எங்கள் வீட்டு விவகாரம் என்று எண்ணிவிட வேண்டாம். 2011-இல் உலகக் கோப்பை வென்ற தோனி அணிக்கு மனப்பயிற்சி கொடுத்தவர் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன். 2024-இல் பாரிஸில் வெண்கலம் வாங்கிய ஹாக்கி அணிக்கும் அவரே. அதே ஆண்டு சிங்கப்பூரில் உலக செஸ் பட்டத்துக்கு டிங் லிரெனை எதிர்த்து ஆடிய நம் சென்னைப் பையன் குகேஷுக்கும் அவரே. முதல் ஆட்டத்திலேயே தோற்ற பையன், பதினான்காவது ஆட்டத்தில் வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனான். பலகை முன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பானே, அவன் தூங்குவதாக நினைத்தவர்களில் நானும் ஒருவன். என் கடைத் தூக்கமும் அதுவும் ஒன்றல்ல என்று மகள் திருத்தினாள். எனக்கு அதில் பிடித்தவர் அவன் அப்பா. பிள்ளைக்காகக் காது மூக்கு தொண்டை டாக்டர் தொழிலையே விட்டுவிட்டு ஊர் ஊராய்க் கூடப் போன மனிதர், கடைசி ஆட்டத்தின்போது அரங்கத்துக்கு வெளியே நடையாய் நடந்துகொண்டிருந்தார். தொண்டை டாக்டரே தொண்டையைத் திறக்கவில்லை. நான் யார்?

தர்மபுரியில் மாவட்ட அளவிலான ஆட்டம் வந்தது. மனைவி கவுன்சலரையும் மிஞ்சிய யோசனை வைத்திருந்தாள். ஒரு பை நிறைய வேகவைத்த நிலக்கடலை. "கத்தத் தோணும்போதெல்லாம் ஒண்ணு உரிங்க." உரித்தேன். மகள் முதல் சர்வீஸை நெட்டில் அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். காது கொதித்தது. வாயில் கடலை. இன்னொன்று உரித்தேன். அவள் சற்று நேரம் நம்ப முடியாமல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அடுத்த முறை மூன்று தட்டு, ஒரு மூச்சு, பந்து மூலையில் போய் விழுந்தது. டீம் கடைசி செட்டில் தோற்றது. எனக்கு வயிறு உப்பிக்கொண்டது. பஸ்ஸில் வரும்போது அவள், "அடுத்த மேட்ச்சுக்கும் வாங்கப்பா. கடலை நான் வாங்கித் தர்றேன்" என்றாள்.

அப்பாமார்களே, கவுன்சலரிடம் போவது புத்தி கெட்டவர்களின் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தங்கம் வாங்குகிறவர்களே போகிறார்கள். உங்கள் ஊரில் ஆள் இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. அரசாங்கத்தினுடையது, காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். விளையாட்டுக்கு மட்டுமல்ல, பரீட்சைப் பயம், தூக்கமில்லாத இரவு எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். பிள்ளை ஆடும்போது மட்டும் பேசாதீர்கள். கைதட்டத் தடையில்லை. கடலை கிடைக்காவிட்டால் கமர்கட்டும் போதும்.