ஏ டிரைவ் அண்ணன்

சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997 ஜனவரி 1-ஆம் தேதி. அதையொட்டிய காலத்தில் பரமத்தி வேலூரில் இன்னொரு பாகப்பிரிவினையும் நடந்தது. ஏ டிரைவ் அண்ணன் தன் ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை விண்டோஸுக்கும் மறு பங்கை லினக்ஸுக்கும் எழுதி வைத்தார். முதல் பிரிவினைக்கு அரசாணை இருந்தது. இரண்டாவதற்கு வீட்டில் சம்மதம்கூடக் கேட்கவில்லை.

இந்த வகை மனிதர் அப்போது ஊருக்கு ஒருவராவது இருந்தார். அடையாளம் சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பிளாப்பி இருக்கும். தோளில் ரெக்சின் பை. அதற்குள் ஸ்க்ரூ டிரைவர், பெயிண்ட் பிரஷ், டிரைவின் ஹெட்டைத் துடைக்க ஒரு குப்பி ஆல்கஹால். அந்தக் குப்பியை மாமனார் ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டதில் தீபாவளிச் சீர் தள்ளிப்போனது தனிக் கதை.

வெல்ல மண்டி, வாழைத்தார் கமிஷன் கடை, ஃபைனான்ஸ் ஆபீஸ் என்று கணக்கெழுத 486 கம்ப்யூட்டர் வாங்கிய முதலாளிகள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். "ஏனுங் தம்பி, கணக்கு டிஸ்கு தொறக்கவே மாட்டேங்குதுங்" என்று சொல்லிவிட்டால் டிவிஎஸ் 50-யில் வந்து இறங்குவார். பழுதைச் சரிசெய்து கொடுப்பார். கிளம்பும்போதுதான் வினையைத் தொடங்குவார். "இதுல லினக்ஸு போட்டுப் பாக்கலாமுங்களா? காசே இல்லீங்க."

காசில்லை என்று கேட்டபின் வேண்டாம் என்று சொன்ன முதலாளி எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வரும் இனாம் சிடியில் வேலூர் வரைக்கும் வந்துவிட்டது. வந்து என்ன பயன்? அந்தக் காலத்து 486-கள் பெரும்பாலும் சிடியிலிருந்து பூட் ஆகாது. சிடிக்குள் இருக்கும் பூட் இமேஜ் கோப்பை டாஸில் ராரைட் என்ற நிரலை ஓட்டி பிளாப்பியில் இறக்கி, அந்தப் பிளாப்பியைக் கொண்டுதான் மெஷினை எழுப்ப வேண்டும். ஸ்லாக்வேர் என்றால் பூட் டிஸ்க் ஒன்று, ரூட் டிஸ்க் ஒன்று. அந்த இரண்டில் ஒன்று கட்டாயம் மக்கர் பண்ணும். அண்ணனின் முகம் மலர்வது அப்போதுதான்.

1.44 எம்பி பிளாப்பியில் பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 செக்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 2,880 செக்டர். டாஸ் ஃபார்மட் செய்யும்போது கெட்ட செக்டர் தட்டுப்பட்டால் குறித்து வைத்துக்கொண்டு சுற்றிப் போய்விடும். ராரைட்டுக்கு அந்த நாகரிகம் கிடையாது. முதல் செக்டரில் தொடங்கி நேர்கோட்டில் எழுதிக்கொண்டே போகும். அதனால் வருஷக்கணக்கில் வரவு செலவைச் சுமந்த பிளாப்பி லினக்ஸுக்கு ஆகாமல் போகும். இதை வெற்றிலை வியாபாரிக்கு அண்ணன் விளக்கிய விதம்: "கவுளில நாலு அழுகல் கெடந்தா நீங்க அத ஒதுக்கிப்போட்டு மிச்சத்த வித்துருவீங்க. இது நூறு எலையும் நல்ல எலையா இருந்தாத்தானுங்க கவுளின்னே ஒத்துக்கும்."

"அப்பறம் இது நம்ம ஏவாரத்துக்கு ஆகாதுங் தம்பி" என்றார் அவர். சரியான தீர்ப்பு. அண்ணன் காதில் விழவில்லை.

பூட் ஆகவில்லை, டிஸ்கை மாற்று என்று திரை சொன்னதும் நாமென்றால் மெஷினை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போவோம். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பயாஸில் பிளாப்பிக்கான ஏ முதலில் இருக்கிறதா, ஹார்ட் டிஸ்குக்கான சி முதலில் இருக்கிறதா? ரிப்பன் கேபிள் தலைகீழாக மாட்டியிருக்கிறதா? மாட்டியிருந்தால் டிரைவ் விளக்கு அணையாமல் எரியும். அதைப் பார்த்து "நல்லாத்தானுங் ஓடுது" என்று முதலாளி பூரித்துக்கொண்டிருப்பார். பிளாப்பியை ஸ்பீக்கர் மேல் வைத்தது யார்? அந்தக் காந்தம் போதுமே. எல்லாம் சரியாக இருந்தும் படிக்கவில்லை என்றால் எழுதிய டிரைவுக்கும் படிக்கிற டிரைவுக்கும் ஹெட் ஒத்துப்போகவில்லை என்று பொருள். மறுநாள் தன் வீட்டு டிரைவையே கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வருவார். அந்த வீட்டு மிக்ஸி மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கிறது என்பதையும் இங்கே பதிவு செய்துவிட வேண்டும். அதில் பிளாப்பி போகாது.

ஒருவழியாக லினக்ஸ் ஏறிவிடும். மெஷினை அணைத்துப் போட்டால் திரையில் எல், ஐ என்று இரண்டே எழுத்து வந்து நின்றுவிடும். லைலோ என்கிற பூட் லோடர் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் தன் பெயரில் ஓர் எழுத்தைக் காட்டும். எந்த எழுத்தில் நின்றது என்பதே நோய் எங்கே என்பதற்குக் குறிப்பு. "நாலெழுத்துல ரெண்டு வந்துருச்சுங்க, பாதிக் கெணறு தாண்டியாச்சு!" என்று துள்ளினார் அண்ணன்.

"பாதிக் கெணறு தாண்டுனா உள்ளதானுங் தம்பி விழோணும்" என்றார் மண்டிக்காரர்.

ஹார்ட் டிஸ்க் பெரிதாக இருந்தால் 1,024-ஆவது சிலிண்டருக்கு அப்பால் பழைய பயாஸுக்குக் கண் தெரியாது. கெர்னல் அந்தப் பக்கம் கிடந்தால் லைலோவால் அதை எடுக்க முடியாது. இந்தத் தொல்லையே வராதபடி டிஸ்கின் தொடக்கத்திலேயே சின்னதாக ஒரு பாகம் ஒதுக்கி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, கடைசியில் நாலெழுத்தையும் வரவழைத்தார். கறுப்புத் திரையில் லாகின் என்று வந்து நின்றது.

"சரிங் தம்பி, கணக்க எங்கெ எழுதறது?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். கணக்கெழுதும் டாலி அதில் ஓடாது. அன்று சாயங்காலமே பழைய டாஸ் திரும்ப ஏறியது. அவருக்கு அதில் துளி வருத்தமில்லை. லினக்ஸ் மேல் அவருக்கு இருந்தது மரியாதைதான். காதல் முழுக்க, எழுந்திருக்க மறுக்கும் மெஷின் மேல். எழுந்துவிட்டால் சலிப்பு வந்துவிடும், பையை மாட்டிக்கொள்வார்.

2011-இல் சோனி ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்திக்கொண்டது. இப்போது லினக்ஸ் பென் டிரைவிலிருந்து தகராறு இல்லாமல் ஏறிவிடுகிறது. அதில் அண்ணனுக்குச் சுவாரசியமில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிளாப்பிகள் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வேலூர்ப் பக்கம் வரும்போது கொடுத்துவிட்டுப் போங்கள். கெட்டுப்போனவையாக இருந்தால் ரொம்ப நல்லது.