மாமா, மாப்பிள்ளை, நியூ ஆர்லியன்ஸ்

நானும் குடிப்பேன், மாப்பிள்ளையும் குடிப்பார். அது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் முன்னால் ஒருவர் டம்ளரைத் தொட்டதில்லை. ஹூஸ்டனில் மகள் வீட்டில் அவர் கராஜில் குடிப்பார். நான் அவர் ஆபீசுக்குப் போன பிறகு. மரியாதை குலையாமல் ஓடிக்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டில், நியூ ஆர்லியன்ஸ் போய் வரலாம் என்று சொல்லி மண்ணைப் போட்டாள் மகள்.

அந்த ஊரில் தெருவிலேயே குடிக்கலாம். சட்டப்படி. கண்ணாடிப் பாட்டில்தான் கூடாது. பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக்கொண்டு பிரெஞ்சு குவார்ட்டர் என்கிற பழைய பகுதி முழுக்கச் சுற்றலாம். பாதியில் எழுந்தால் பார்க்காரரே மீதியை டம்ளருக்கு மாற்றிக் கையில் கொடுத்து அனுப்புகிறார். அரசாங்கமே கடை திறந்து விற்றாலும், வாங்கியதை இடுப்பில் செருகிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு வருகிற ஊர்க்காரன் நான். இங்கே எதிரே வந்தவர்கள் எல்லாரும் அபிஷேகப் பால் வாங்கி வருகிறவர்கள் மாதிரி டம்ளரை ஏந்தி வந்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மாடியைப் பார்த்தேன். அந்த ஊர்ப் பால்கனிகளின் இரும்பு வேலைப்பாடு பற்றி என்னை என்ன கேட்டாலும் சொல்வேன்.

போர்பன் தெருவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராத்திரி இரைச்சல், காலையில் நாற்றம். 2005இல் கத்ரீனா புயல் வந்து ஊரில் எண்பது சதவீதத்தை முக்கிவிட்டுப் போன பிறகும், 'ஹரிகேன்', அதாவது புயல், என்ற பெயரிலேயே செக்கச் சிவந்த ரம் பானம் ஒன்றைச் சளைக்காமல் விற்கிறார்கள். அந்த நெஞ்சுரம் எனக்குப் பிடித்திருந்தது. குடித்துப் பார்க்க வழியில்லை. மாப்பிள்ளை பக்கத்திலேயே நடந்து வந்தார்.

காலை நேரத்துக்கு கஃபே டு மோண்ட். 1862இலிருந்து நடக்கிற கடை. பெனியே என்று சதுரமாக உப்பிய மாவுப் பண்டம், தட்டுக்கு மூன்று. மேலே சர்க்கரைத் தூளை மூட்டையோடு கவிழ்த்திருப்பார்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், வாயில் வைத்தபின் சிரிக்காதீர்கள். என் மனைவி காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னங்க, நம்ம காபி!" என்றாள். சிக்கரிதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குக் கப்பற்படை துறைமுகத்தை அடைத்ததும் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்து, சிக்கரியைக் கலந்து ஒப்பேற்றினார்கள். போர் 1865இல் முடிந்துவிட்டது. சிக்கரியை இன்னும் விடவில்லை. அமெரிக்காவில் என் மனைவி குறை சொல்லாமல் விட்ட முதல் பொருள் அது.

இரண்டாவது பொருள் கிடைக்கவில்லை. அவள் சைவம். 'சிவப்பு பீன்ஸும் சோறும்' என்ற பலகையைப் பார்த்து முகம் மலர்ந்தாள். அது திங்கட்கிழமைச் சாப்பாடு. அந்தக் காலத்தில் திங்களன்று துணி துவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய பன்றி எலும்பைப் பீன்ஸோடு போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போவார்களாம். ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களில் இந்தச் சோற்றின் பெயரைச் சேர்த்தே கையெழுத்திடுவார். அவ்வளவு பெருமை உள்ள பீன்ஸுக்குள்ளும் பன்றி இருந்தது. அவள் பெனியேக்குத் திரும்பிவிட்டாள்.

நான் கம்போ பக்கம் போனேன். மாவைக் கொழுப்பில் போட்டு, கருகாமல் சாக்லேட் நிறம் வரும்வரை கிண்டி, வெண்டைக்காயோ இறாலோ சேர்க்கிற குழம்பு. அதற்குப் பேர்போன டூக்கி சேஸ் உணவகத்தை நடத்திய லியா சேஸ் அம்மா 2019இல் காலமாகிவிட்டார். கம்போவை ருசி பார்க்குமுன் காரச் சாஸை ஊற்றப் போன ஒபாமாவைக் கண்டித்தவர் அவர். நம் வீட்டில் சோற்றில் கை வைக்குமுன் உப்பு கேட்டவன் வாங்கிய வசவை அறிந்தவர்களுக்கு அந்த அம்மாளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

சாயங்காலம் பெண்கள் கடைக்குப் போனார்கள். கால் வலிக்கிறது என்றேன். "எனக்கு ஒரு போன் பேசணும் மாமா" என்றார் மாப்பிள்ளை. பத்து நிமிஷம் விட்டு, மான்டிலியோன் ஓட்டலின் கேரசல் பாரில் இருந்தேன். குடை ராட்டினம் போலவே செய்த பார், 1949இலிருந்து சுற்றுகிறது. 25 இருக்கை, ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம். சாசராக் சொன்னேன். ரை விஸ்கியில் செய்வது. 2008இல் மாநிலச் சட்டமன்றமே ஊரின் காக்டெயில் என்று அறிவித்தது. நம் சட்டமன்றத்தில் மது பேசப்படும் விதத்தை நினைத்துக்கொண்டே ஒரு வாய் வைத்தேன். அப்போதுதான் ஜன்னலோர மேஜையில் மாப்பிள்ளை தெரிந்தார். மேஜை சுற்றாது. நான்தான் சுற்றிக்கொண்டு அவரிடம் போகிறேன், மெல்ல, மிக மெல்ல. இறங்கி ஓடியிருக்கலாம், டம்ளரில் முக்கால்வாசி இருந்தது. முதுகுதானே அவர் பக்கம் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். ஆனால் என் வழுக்கையை அவர் கல்யாண ஆல்பத்திலேயே பார்த்திருக்கிறார்.

"மாமா... லைம் ஜூஸா?"

விளிம்பில் எலுமிச்சைத் தோல் இருந்தது நல்லதாயிற்று. "ஆமா மாப்பிள்ளை. நீங்க?"

"நானும் அதான் மாமா." அவருடையது விஸ்கி நிறத்தில் இருந்தது. மேற்கொண்டு பேச வழியின்றி ராட்டினம் என்னை அப்பால் கொண்டு போயிற்று.

அன்றிரவு பிரிசர்வேஷன் ஹால் எங்கள் குடும்பத்துக்கென்றே கட்டியது போலிருந்தது. 1961இல் தொடங்கிய ஜாஸ் சபை. பெஞ்சும் தரையில் மெத்தையும்தான். தொண்டை நனைக்க எதுவும் விற்பதில்லை. எல்லாரும் கேட்கிற 'செயின்ட்ஸ்' பாட்டுக்குக் கூடுதல் விலை எழுதிப் பலகை மாட்டியிருந்த சபை இது. நம் சபாக்களிலும் துக்கடா கேட்டுச் சீட்டு அனுப்புகிறவர்களுக்கு இதை யோசிக்கலாம்.

1789இல் வந்த செயின்ட் லூயிஸ் முதலாம் கல்லறைக்கு கைடு இல்லாமல் விடமாட்டார்கள். தரைக்கு மேலே வீடு போலக் குடும்பக் கல்லறைகள். ஒருவரை வைத்து ஓராண்டும் ஒரு நாளும் கழிந்தால், எலும்பை உள்ளே தள்ளி அடுத்தவருக்கு இடம் கொடுக்கலாம். "செத்த பிறகும் மாமியாரோடயா?" என்றாள் மனைவி.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ட்ரெமே பகுதியில் ஞாயிற்றுக்கிழமை பார்த்த செகண்ட் லைன் ஊர்வலம். பித்தளை வாத்தியங்கள் முன்னே போக, குடையும் கைக்குட்டையும் ஆட்டிக்கொண்டு தெருவே பின்னால் ஆடிப்போகிறது; போலீசும் கூடவே வருகிறது. ஊர்வலம் நடத்தும் சங்கங்களின் வேர், ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு நல்ல அடக்கத்துக்கு வழி செய்த கறுப்பின மக்களின் உதவிச் சங்கங்களில் இருக்கிறது. சாவு ஊர்வலத்திலும் இதே வாத்தியங்கள்தான்: கல்லறை வரை நிதானமாக அழுகை, திரும்பும்போது ஆட்டம். பறைக்கு முன்னால் ஆடுகிற சித்தப்பா உள்ள எவனுக்கும் இது புரியும். என் கால் வலி போன இடம் தெரியவில்லை.

ஊரை விட்டுக் கிளம்பியதும் மாப்பிள்ளை வண்டியை ஒரு கடையின் ஜன்னலோரம் நிறுத்தினார். காரிலிருந்தபடியே வாங்கும் டைகரி, அதாவது ரம் கலந்த ஐஸ். மூடியில் டேப் ஒட்டி, ஸ்ட்ராவைக் குத்தாமல் தனியாகக் கொடுத்தால் லூசியானா சட்டத்துக்கு அது திறந்த மது ஆகாது. இரண்டு வாங்கினார். "உங்களுக்கு லைம் ஜூஸ் மாமா" என்று ஒன்றை என் மடியில் வைத்தார்.

பின் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு இரண்டு ஸ்ட்ராவையும் எடுத்துக்கொண்டது. "ஹூஸ்டன் போனதும் தரேன்" என்றாள் மனைவி, ஹேண்ட்பேக்கை மூடியபடி.