அவர் பந்தைத்தான் தொட்டார்

இங்கிலாந்தில் நாட்டிங்ஹம் என்று ஓர் ஊர். அங்கே டிரென்ட் ஆற்றங்கரையில் சிட்டி கிரவுண்ட் என்ற கால்பந்து மைதானம். சனிக்கிழமை பிற்பகல்களில் அங்கு வந்து நிற்கும் ஒரு வகை ரசிகரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஆள் ஒருவரல்ல, ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வசதிக்காக எல்லோரையும் சேர்த்து ‘அன்பர்’ என்று வைத்துக்கொள்வோம்.

அன்பர் பரம சாது. ஆறிப்போன டீயைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்படுவார். வரிசையில் ஒருவன் முண்டியடித்து முன்னால் போனால், இடித்தவனிடம் இவரே மன்னிப்புக் கேட்பார். முன்பின் தெரியாதவரைக்கூட ‘டக்’ என்று கொஞ்சலாக அழைக்கும் ஊர்க்காரர் அவர். அப்படிப்பட்டவர் வாரத்தில் ஒன்றரை மணி நேரம் மட்டும், ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் புல்லோடு சேர்த்து அறுத்துத் தள்ளுவதைப் பார்த்து, எழுந்து நின்று கைதட்டுவார். தள்ளுபவர் ஸ்டூவர்ட் பியர்ஸ். நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் அணியின் லெஃப்ட் பேக், கேப்டன், மூன்றாம் எண் சட்டை. செல்லப்பெயர் சைக்கோ.

1985-இல் கவன்ட்ரி அணியிலிருந்து ஃபாரஸ்டுக்கு வந்தபோது பியர்ஸுக்குக் கால்பந்து சோறு போடும் என்ற நம்பிக்கை முழுதாக வரவில்லை. கைத்தொழில் எலக்ட்ரீஷியன். அதனால், ஆட்ட நாளில் விற்கும் கிளப் புத்தகத்திலேயே ‘மின்சார வேலைகள் செய்து தரப்படும்’ என்று விளம்பரம் கொடுத்தார். அன்பர் இன்றுவரை மறக்காத விஷயம் இது. எந்த அன்பரைக் கேட்டாலும், தன் சித்தப்பா வீட்டுக்கு வயரிங் செய்தது பியர்ஸ்தான் என்பார். இந்தச் சித்தப்பாக்கள் அத்தனை பேரும் உண்மையென்றால், மனிதர் மைதானத்துக்கு வர நேரமே இருந்திருக்காது.

அன்பரின் சட்ட அறிவு தனி. எதிரணி விங்கர் விளம்பரப் பலகைக்கு அப்பால் கிடக்கிறான். அவன் பூட்ஸ் ஒன்று இப்பால் கிடக்கிறது. நடுவர் சட்டைப்பையில் கை விடுகிறார். அன்பர் தொண்டை கிழியக் கத்துவார்: “அவர் பந்தைத்தான் தொட்டார்!” பந்தைத் தொட்ட பிறகு மிச்சம் நடந்ததெல்லாம் பந்துக்கும் அந்தப் பையனுக்கும் உள்ள சொந்த விவகாரம். இதே காரியத்தை எதிரணிக்காரன் செய்தால் காட்டுமிராண்டித்தனம், போலீஸ் எங்கே? இதில் மானேஜர் பிரையன் கிளஃபுக்கும் ஒரு பங்கு உண்டு. நடுவரிடம் தன் ஆட்டக்காரர்கள் வாய் பேசுவது அவருக்குப் பிடிக்காது. ஆட்டக்காரர்கள் பேசாத அத்தனையையும் பேச வேண்டிய கடமை அன்பர் தலையில் விழுந்தது.

பியர்ஸுக்கு ஆட்டமும் தெரியும் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஃபாரஸ்டுக்காக லீக் ஆட்டங்கள் மட்டும் 401, அவற்றில் 63 கோல். 1991 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த ஃப்ரீ கிக் வலையைக் கிழிக்காதது வலை செய்தவரின் திறமை. ஆனால் இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் அன்பருக்கு லேசாகக் கோபம் வரும். கோல் யார் வேண்டுமானாலும் போடலாமே! அவருக்குப் பிடித்தது 1992-இல் ஸ்வீடனில் இங்கிலாந்துக்காக பியர்ஸ் ஆடிய பிரான்ஸ் ஆட்டம். பாசில் போலி என்ற பிரெஞ்சுக்காரர், நடுவர் பார்க்காத நேரம் தலையால் முட்டி பியர்ஸின் கன்னத்தைக் கிழித்தார். ரத்தம் வழியும் முகத்தோடு பியர்ஸ் ஃப்ரீ கிக் அடித்தார், பந்து குறுக்குக் கம்பத்தை அதிர வைத்துத் திரும்பியது. ஆட்டம் முடிந்த பிறகும் அவர் போலியைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்பர் இந்தக் கதையைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பது அன்பருக்கும் கைவந்த கலைதான், அலுவலகத்தில் தினமும் அதைத்தான் செய்கிறார். பியர்ஸ் செய்தால் மட்டும் வீரமாகிவிடுகிறது.

1997-இல் வந்தது இடி. அந்த சீசனில் அணி தள்ளாடியது. நடுவில் சில வாரம் பியர்ஸே ஆடிக்கொண்டே மானேஜராகவும் இருந்தார். முதல் ஆட்டத்துக்கு அவர் எழுதிய பட்டியலில் கோல்கீப்பர் பெயரே இல்லையாம், மனைவி பார்த்துச் சொன்னாராம். அவரே பிற்பாடு சொன்ன கதை. (அன்பர் இதற்கும் விளக்கம் வைத்திருக்கிறார்: பியர்ஸ் இருக்கும்போது கோல்கீப்பர் எதற்கு?) அந்த ஆட்டத்தில் ஆர்சனலை 2-1 என்று வென்றார்கள் என்பது வேறு விஷயம். எப்படியோ சீசன் முடிவில் ஃபாரஸ்ட் கடைசி இடத்தில் நின்று கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 35 வயது பியர்ஸ் நியூகாசிலுக்குக் கிளம்பினார். முந்தைய ஆண்டு மே மாதம்தான் பதினோரு சீசன் உழைத்தவருக்கு மரியாதை செய்ய ஒரு நன்றி ஆட்டம் நடத்தியிருந்தார்கள். விருந்தாளியாகக் கூப்பிட்ட அணி நியூகாசில். பெண் பார்க்க வந்தவர்கள் என்று அன்று யாருக்குத் தெரியும்?

மதுக்கடையில் அன்று துக்கம் விசாரிப்பு. ஆளுக்கொரு டேக்கிள் சொன்னார்கள். எல்லோரும் சொன்னது ஒரே டேக்கிள்தான். ஆறு மணிக்கு விங்கர் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். ஏழு மணிக்கு மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் மடியில் விழுந்தான். எட்டு மணிக்கு மேல்தட்டுக்குப் போய்விட்டான். கடை சாத்தும் நேரத்தில் அந்தப் பையன் டிரென்ட் ஆற்றில் மிதந்துகொண்டிருந்தான், கரையில் நின்ற மூன்று பேர் தங்கள் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். நடுவர் மட்டும் ஃபவுல் கொடுக்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்து அன்பர் ஒரு வழியனுப்பு அட்டை எழுத உட்கார்ந்தார். இந்த இடத்தில்தான் சிக்கல். ‘தங்கள் நற்பணிக்கு நன்றி’ என்று எழுதினார். அது தபால்காரருக்கு எழுதுவது. ‘தங்கள் கனிவான குணம்’ என்று தொடங்கியவர் தாமே சிரித்துவிட்டார். ‘எங்கள் நெஞ்சைத் தொட்டீர்கள்’ என்று எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பன்னிரண்டு சீசனாக, பந்தைத் தவிர வேறெதையும் அவர் தொட்டதே இல்லை என்று அடித்துச் சொன்ன வாய், இப்போது நெஞ்சைத் தொட்டார் என்று எப்படி ஒப்புக்கொள்ளும்? அடித்தார். கடைசியில் அட்டையில் நின்றது இவ்வளவுதான்: ‘ஐயா, நீங்கள் பந்தைத்தான் தொட்டீர்கள்.’ இதைவிட நல்ல பாராட்டுப் பத்திரம் எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் யார் வந்து ஆடினாலும் அன்பருக்கு ஒட்டவில்லை. “விழுந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறான்! இவனையெல்லாம் எங்கே வளர்த்தார்கள்?” வேறொரு தொல்லையும் சேர்ந்தது. வாரம் முழுக்க விழுங்கிய கோபத்தை சனிக்கிழமை பியர்ஸ் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்த மனிதர், இனி சொந்தச் சண்டைகளைத் தானே போட வேண்டும். ஒருநாள் துணிந்து, ஆறிய டீயைக் கையில் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கே போனார். “என்ன வேணும், டக்?” என்று அந்தப் பெண் கேட்டாள். “ஒன்றுமில்லை, டீ ரொம்ப நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தூரத்திலிருந்து நல்ல செய்திகள் மட்டும் வந்தன. நியூகாசிலுக்குப் பிறகு வெஸ்ட் ஹாம் அணிக்கு ஆடும்போது பியர்ஸின் கால் முறிந்தது. மனிதர் சற்று ஓடினால் சரியாகிவிடும் என்று எழுந்து ஓடப் பார்த்தார். அன்பர் அன்று மகிழ்ச்சியில் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார்.

2014-இல் பியர்ஸ் மானேஜராக ஃபாரஸ்டுக்கே திரும்பி வந்தார். அன்பர் பழைய சட்டையைத் தேடி எடுத்தார். வயிற்றுப்பக்கம் ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் போட்டுக்கொண்டு போனார். முதலில் வெற்றிகள் வந்தன, பிறகு வரவில்லை. 2015 பிப்ரவரியில் பதவி போயிற்று. அதைப் பற்றி இப்போது கேட்டால் அன்பர் புருவத்தைச் சுருக்குவார்.

“மானேஜரா? அது வேற ஏதோ பியர்ஸ்.”