பொருள் என்ற அந்த ஒரு வரி

1986இல் மதுரையில் நான் பி.எஸ்சி. படித்தபோது லீவ் லெட்டர் எழுதுவது அரைநாள் வேலை. வெள்ளைத் தாளில் ஓரம் மடித்து, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதி, ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று முடிக்க வேண்டும். அப்பாவின் கையெழுத்து வாங்கிக்கொண்டு துறைத்தலைவர் அறைக்கு வெளியே வராந்தாவில் நிற்க வேண்டும்.

ஒருமுறை அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணை இருக்க மூன்று நாள் லீவு கேட்டேன். வாங்கியவர் படிக்காமலே மேசை ஓரத்தில் வைத்தார். திரும்பி வந்து பார்த்தால் மூன்று நாளும் ஆப்சென்ட். கடிதம் அதே மேசையில், அதே மடிப்புடன் கிடந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன். இரவு பதினொன்றரைக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. பொருள் இல்லை, வணக்கம் இல்லை, பெயர் இல்லை. ‘ஸ்கேன்’ என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் மட்டும். அனுப்பிய முகவரியில் ஒரு நடிகரின் பெயர். அறுபது பேர் வகுப்பில் இது யாருடைய அசைன்மென்ட்? மறுநாள் கேட்டால் கடைசி பெஞ்சில் ஒரு கை தயங்கி உயரும்.

அவன் மரியாதை தெரியாத பிள்ளை இல்லை. எதிரே வந்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறவன். வாட்ஸ்அப்பில் எழுதிப் பழகியவனுக்குப் பொருள் எழுதும் வழக்கமே இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகளை மூடியபோது, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னோம். எப்படி எழுதுவது என்று சொல்லித்தரவில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை அதை யாரிடம் கேட்கும்? தவறு எங்களுடையது.

அதனால் செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு வகுப்பை இதற்கே ஒதுக்குகிறேன். பள்ளியில் எழுதிய அதே கடிதம்தான் இது என்று கரும்பலகையில் காட்டுவேன். பதில் அனுப்பும்போது முன்னால் வந்து நிற்கும் ‘ரீ’ என்பது லத்தீன் சொல். அதற்கும் பொருள், விஷயம் என்றுதான் அர்த்தம். ‘சிசி’ என்பது கார்பன் காப்பி. டைப்ரைட்டரில் இரண்டு தாளுக்கு நடுவே நாங்கள் வைத்த அந்தக் கருப்புத் தாளின் பெயர்தான் இன்றும் திரையில் இருக்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பெயர், பதிவு எண், பாடம், என்ன வேண்டும் என்பது. இவ்வளவு போதும். கீழ்ப்படிதலுள்ள மாணவன் வேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன்.

போன வருடம் ஒரு மாணவி எழுந்து, “சார், தமிழ்ல எழுதலாமா?” என்றாள். “தாராளமா எழுதும்மா” என்றேன். இரண்டு வாரம் கழித்து நாலு வரி வந்தது: காய்ச்சல், பிராக்டிகல் தவறிவிட்டது, எந்த நாளில் வந்து செய்யலாம், கீழே பெயரும் பதிவு எண்ணும். கணினி எழுதித்தரும் பகட்டான ஆங்கிலக் கடிதங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் ஒன்றுகூட இதற்கு ஈடாகாது. அன்று மாலைக்குள் பதில் போட்டேன்.

உடன் பணியாற்றும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் எழுதினால், ‘பார்த்தேன்’ என்று ஒரு வார்த்தையாவது அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.