ஐந்து குண்டு, ஐம்பது காரணம்

எழுபதுகளில் கல்லூரி என்.சி.சி.யில் இருந்தவர்களைப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். தேசபக்தி, ஒழுக்கம், சி சர்டிஃபிகேட் என்று ஆரம்பித்து, காப்பி ஆறுவதற்குள் உண்மைக்கு வந்துவிடுவார்கள்: பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்கு ஒன்று, வருஷமெல்லாம் காத்திருந்தால் ஒரு நாள் வாய்க்கிற ஃபயரிங் இன்னொன்று. ஊருக்கு வெளியே குன்றடியில் ஒரு மண்மேடு, அதன்முன் மரச்சட்டத்தில் ஒட்டிய காகிதக் குறி, 25 கெஜம் இந்தப் பக்கம் தார்ப்பாயில் குப்புறப் படுத்த நாங்கள். கையில் பாயின்ட் டூ டூ ரைஃபிள். அதன் குண்டு 5.6 மில்லிமீட்டர்தான் என்றாலும், அன்றைக்கு எங்கள் மனத்தில் நாங்கள் பீரங்கிப் படை.

ஆளுக்கு ஐந்து குண்டு. எங்கே விழுந்தாலும் பரவாயில்லை, ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் விழ வேண்டும். அதற்குக் குரூப்பிங் என்று பெயர். கேட்க எளிமையாக இருக்கிற இந்த ஒரு காரியம்தான் எங்களை வருஷா வருஷம் அவமானப்படுத்தியது. முதல் இரண்டு ஒட்டி உரசிக்கொண்டு விழும், மூன்றாவது காகிதத்தின் மூலைக்குப் போய் நிற்கும், நான்காவது எங்கே போயிற்று என்பது அந்த மண்மேட்டுக்குத்தான் வெளிச்சம், ஐந்தாவது மறுபடியும் முதல் இரண்டோடு சமாதானமாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஐந்தும் கெட்டுப்போனால் திறமை இல்லை என்று விட்டுவிடலாம். மூன்று நன்றாக விழுந்து இரண்டு தறிகெட்டுப் போனால் மனிதன் காரணம் தேடாமல் என்ன செய்வான்?

காரணங்களுக்கா பஞ்சம்? ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஒரு குணம் உண்டு என்பது எங்கள் திடமான நம்பிக்கை. இன்ன நம்பர் இடப்பக்கம் இழுக்கும், இன்ன நம்பர் காலையில் நல்லபடி, வெயில் ஏறினால் முரண்டு. ராசியான ரைஃபிள் தனக்கு வரும்படி வரிசையில் முன்னும் பின்னும் நழுவி இடம் மாறுவதில் நான் காட்டிய சாமர்த்தியத்தில் பாதியைக் குறிபார்ப்பதில் காட்டியிருந்தால் பட்டாளத்தில் சேர்ந்திருப்பேன். வரிசையின் தலைமாட்டில் நிற்க எவனும் விரும்புவதில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த குழலிலிருந்து கிளம்பும் முதல் குண்டு தாறுமாறாகப் போகும் என்று சீனியர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எங்கள் மூடநம்பிக்கைகளிலேயே இது ஒன்றுதான் மெய். குழலில் தங்கிய எண்ணெய் எரிந்து, குண்டின் மேலிருக்கும் மெழுகு உள்ளே சீராகப் படிகிறவரை ரைஃபிள் ஒரு நிலைக்கு வராதுதான்.

பட்டாளத்திலிருந்து வந்திருந்த ஹவில்தாரை உஸ்தாத் என்போம். வடக்கத்தி மனிதர், மீசைக்குள்ளிருந்து வரும் தமிழில் வினைச்சொல்லே இருக்காது. ஆனால் துளை விழுந்த காகிதத்தைக் கையில் வாங்கினால் நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி ஆகிவிடுவார். துளைகள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் இருந்தால், "மூச்சு!" சுடும் நேரத்தில் மூச்சை நிறுத்தாமல் நெஞ்சு ஏறி இறங்கியிருக்கிறது என்று பொருள். வலப்பக்கம் கீழே சரிந்திருந்தால், "விரல்!" ட்ரிக்கரை அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்திருக்கிறான் பையன். நாலாபக்கமும் சிதறியிருந்தால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டுவார்: பார்வை தூரத்துக் கறுப்பு வட்டத்தில் இருக்கக் கூடாது, குழல் முனையில் இருக்கிற ஃபோர்சைட்டின் நுனி தெளிவாகத் தெரிய வேண்டும், வட்டம் மங்கினால் மங்கட்டும். ஐந்தும் சேர்ந்து, ஆனால் நடுவை விட்டுத் தள்ளி விழுந்திருந்தால் மட்டும் அவர் முகம் மலரும். "பையன் சரி, ரைஃபிள் தப்பு!" அந்தத் தீர்ப்புக்காக ஏங்கினோம். அது கிடைத்தவன் அன்றைக்குப் பூரியைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து தின்பான்.

அதற்குள் எத்தனை சின்னச் சந்தோஷங்கள்! சுட்டு முடித்து, அனுமதி வந்தபின் குறியை நோக்கி நடக்கிற அந்த 25 கெஜம். அந்த நடை முடிகிறவரை ஐந்தும் நடுவில் விழுந்த உலக வீரன் நாம்தான். காகிதத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் துளைகள் வழியே சிதறும் ஒளி. கோட்டைத் தொட்ட துளை உள்ளேயா வெளியேயா என்று நடக்கும் வாக்குவாதம். கருகிய மருந்தின் வாசனை. வெற்றுத் தோட்டாக்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் மொத்தக் கூட்டமும் புல்லுக்குள் மண்டியிட்டுத் தேட வேண்டும் என்பது அன்று தண்டனையாகத்தான் பட்டது.

இப்போது என் பேத்தி சுடுகிறாள். குளிரூட்டிய கூடம், 10 மீட்டர், ஏர் ரைஃபிள். சத்தமா அது? யாரோ டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு டப். புகை இல்லை, வாசனை இல்லை, நடக்க வேண்டிய தூரமும் இல்லை, 4.5 மில்லிமீட்டர் பெல்லட் துளைத்த மறுகணம் பக்கத்துத் திரையில் 10.3 என்று வந்துவிடுகிறது. நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பத்துக்குள்ளேயே பத்து படி, உச்சம் 10.9, 2013 முதல் தகுதிச் சுற்றிலேயே இந்தத் தசமக் கணக்குதான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் 701.1 எடுத்து வெண்கலம் வாங்கினார், வெள்ளிக்காரர் 701.5. நாங்கள் அங்குலத்தில் சண்டை போட்டோம், இவர்கள் கண்ணுக்குத் தெரியாததில் போடுகிறார்கள்.

இத்தனை கருவி வந்தால் காரணங்கள் குறையும் என்றுதானே நினைப்போம்? பெருகியிருக்கின்றன. பெல்லட்டின் தலை 4.49-ஆ, 4.50-ஆ என்று பார்த்து வாங்குகிறார்கள். அதிலும் ஒரே தயாரிப்புத் தொகுதியாக, ரைஃபிளைக் கிடுக்கியில் பூட்டிச் சுட்டுப் பார்த்து, எது நெருங்கி விழுகிறதோ அதைத்தான். கட்டையையும் குழலையும் பிணைக்கும் திருகை இத்தனை இறுக்கம்தான் என்று அளந்து முறுக்க ஒரு சாவி. கன்னம் கட்டையில் ஒரு மயிரிழை தள்ளிப் பதிந்தாலும் குறி மாறுமாம். இதற்கெல்லாம் மேலே ஸ்காட் என்றொரு கருவி. குழல் முனை குறியின்மேல் அலைந்த அலைச்சலையெல்லாம் நிறநிறமாகத் திரையில் கோடு போட்டு, விசையை அழுத்துவதற்குச் சற்று முன் கை எந்தப் பக்கம் நழுவிற்று என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது. "ரைஃபிள் தப்பு" என்று இனி யாரும் அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனாலும் அந்தப் பழைய தீர்ப்பு ஒருமுறை உலக அரங்கிலேயே பலித்தது. 2008 பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்குச் சற்று முன் அபிநவ் பிந்த்ரா பழக்கக் குண்டு சுட்டுப் பார்த்தால், அது நாலு வளையத்துப் பக்கம் போய் விழுந்திருக்கிறது. கூட்டமும் வெளிச்சமும் பழக வேண்டுமென்று கல்யாண மண்டபத்தை எடுத்துப் பயிற்சி செய்த மனிதர் அவர். அத்தனை முன்னேற்பாட்டையும் மீறி சைட் நகர்ந்திருந்தது. பதறாமல் திருகித் திருத்திக்கொண்டு, கடைசிக் குண்டு 10.8, மொத்தம் 700.5, தங்கம். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சைட் சமாசாரம் அன்று தெரியாது. பிற்பாடு அவரே புத்தகத்தில் எழுதியதை அறிந்தபோது, உஸ்தாத் இருந்திருந்தால் மீசையைத் தடவியிருப்பார் என்றுதான் தோன்றியது.

போன மாதம் பேத்திக்கு ஒரு தகராறு. பத்துகளாக வந்துகொண்டிருக்கும்போதே நடுநடுவே ஒன்பது எட்டிப் பார்க்கிறது. திருகை இறுக்கிப் பார்த்தார்கள், பெல்லட்டை மாற்றினார்கள். கடைசியில் ஸ்காட்டைப் பூட்டிப் பதிவுகளை வரிசையாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"தாத்தா, நீங்க கதவைத் திறந்துக்கிட்டு உள்ளே வர்றப்போதான் கோடு ஆடுது."

அடுத்த நாள் முழுக்க வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஸ்கோர் இன்னும் குறைந்திருந்தது. "தாத்தாவை ஏன் இன்னும் காணோம், எப்ப வருவாரோன்னு கதவையே நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.