யானை வரும் முன்னே...

கே: இப்போதெல்லாம் படம் தொடங்குமுன் கிராஃபிக்ஸ் லோகோக்கள் வரிசைகட்டி வருகின்றனவே, அந்தக் காலத்துக் கல்கத்தாவில் எப்படி?

ப: யானை வரும் முன்னே, படம் வரும் பின்னே! 1931-இல் பி.என்.சர்க்கார் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ் படக் கம்பெனியின் முத்திரை யானைதான். சைகல் நடித்த ‘தேவதாஸ்’ அந்த யானை நிழலில் வந்த படம். நம் ஜெமினியின் குழல் ஊதும் இரட்டைக் குழந்தைகளைப் போல, பெயரைப் படிக்கத் தெரியாதவரும் கம்பெனியைச் சொல்லிவிடலாம். இன்றோ தயாரிப்பாளர், இணைத் தயாரிப்பாளர், வினியோகஸ்தர், ஓ.டி.டி. என்று ஆளுக்கொரு லோகோ. பொன்துகள் பறக்கிறது, பூமி சுழல்கிறது, இருக்கை அதிர்கிறது. வீடு திரும்பியதும் ஒன்றுகூட நினைவில் இல்லை. எனக்கு அந்த ஒற்றை யானையே போதும்.