செல்போன் யாருக்கு லாபம்?

கேள்வி: செல்போனால் சிறு விவசாயிக்குச் செலவு மிச்சமா, ரீசார்ஜ் கடைக்காரருக்கு லாபமா? (வாசகர், பொம்மையார்பாளையம்)

பதில்: இரண்டும்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிலா இலையில் கரும்புள்ளி விழுந்தால் முன்பெல்லாம் அதைத் துண்டில் முடிந்துகொண்டு, ஆலோசனை கேட்கத் திண்டிவனம் பஸ் ஏற வேண்டும். இறங்குவதற்குள் இலை வதங்கி, என்ன நோயென்று இலைக்கே மறந்திருக்கும். பஸ் காசு, டீக்காசு, ஒருநாள் கூலி எல்லாம் போச்சு. இப்போது 1800-180-1551. கிசான் கால் சென்டர், 2004 முதல், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். 2018இல் வந்த உழவன் செயலியில் சந்தை விலையும் தெரியும். வியாபாரி சொல்வதுதான் விலை என்ற காலத்தில் தலையாட்டியவர், இன்று போனை எடுத்து நீட்டுகிறார்.

இருந்த இடத்திலேயே தகவல் கிடைப்பது உங்கள் ஊர்க் கடலோரத்துக்குப் புதிதல்ல. செல்போன் பரவும் முன்பே, புதுச்சேரியைத் தாண்டி வீராம்பட்டினத்தில், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் அமெரிக்கக் கடற்படை இணையதளத்தில் அலை உயரம் பார்த்து ஒலிபெருக்கியில் சொன்னது. அமெரிக்கக் கடற்படை நம் கட்டுமரத்துக்குச் செய்த ஒரே சேவை அதுவாகத்தான் இருக்கும்!

கேரள மத்தி மீனவர்களை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன், செல்போன் வந்தபின் அவர்கள் லாபம் 8 சதவீதம் ஏறியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது என்று 2007இல் எழுதினார். ரீசார்ஜ் கடைக்காரரின் லாபத்தை அவர் கணக்கெடுக்கவில்லை.